திருவண்ணாமலையின் தும்மல் மாதங்கள்

மூக்கு ஒழுகினால் சளி. நெற்றி கனத்தால் சைனஸ். இருமல் நிற்காவிட்டால் டஸ்ட் அலர்ஜி. திருவண்ணாமலையில் மூக்கைப் பற்றிய எந்தப் புகாரும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். கார்த்திகை மழை ஓயும்போது தொடங்கித் தை, மாசி வரை இழுத்துக்கொண்டு போகும் தும்மலுக்குப் பனியைக் குறை சொல்வார்கள். தலைக்கு ஊற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் கிளப்பிவிட்ட புழுதி என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், அதே மாதங்களில்தான் மலைச்சரிவில் புல் பூக்கிறது, காலி மனைகளில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, அவை முடிகிற நேரத்தில் ஏரிக்கரை வேலிக்காத்தான் தொடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

அரசும் எடுப்பதில்லை. 2015இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைப் பார்க்கிறது: இரண்டு வகை நுண்துகள்கள், நைட்ரஜன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். மகரந்தத்துக்கு அதில் இடமில்லை. அதனால், குறியீடு பச்சை காட்டும் நாளில்கூட ஒருவருக்குக் கண் சிவந்து, மூக்கடைத்து, ராத்திரியில் இளைப்பு வாங்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வானிலை அறிக்கையோடு சேர்த்து அன்றைய மகரந்த அளவையும் சொல்கிறார்கள். ரமணாசிரமத்தைச் சுற்றிக் குளிர்காலத்தில் தங்கும் வெளிநாட்டவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. நமக்குத்தான் புதிது.

நம்முடைய சந்தேகமும் பெரும்பாலும் தப்பான மரத்தின் மீதே விழுகிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பூ, மூக்கைத் துளைக்கும் வாசனை, கோடையில் காற்றில் மிதந்து வரும் இலவம் பஞ்சு, இவற்றைத்தான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று நினைக்கிறோம். பஞ்சு மகரந்தமே அல்ல; அது விதையைச் சுமந்து செல்லும் இழை. நிறமும் மணமும் காட்டி வண்டையும் தேனீயையும் அழைக்கும் பூக்களின் மகரந்தம் பொதுவாகக் கனமானது, பிசுபிசுப்பானது. பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு போவதற்கென்றே அமைந்தது. மூக்குக்குள் வருவது வேறு இனம். அழகில்லாத, மணமில்லாத, பூ என்றே நாம் ஒப்புக்கொள்ளாத பூக்கள், பூச்சியை நம்பாமல் காற்றை நம்பி, லட்சக்கணக்கில் உலர்ந்த தூளைத் தூவிவிடுகின்றன. புல், நெல், கம்பு, சவுக்கு, ஆமணக்கு, முள்ளிக்கீரை எல்லாம் அந்தக் கூட்டம். பிள்ளையாருக்குச் சாற்றும் அறுகம்புல்லும் அதில் சேர்த்தி. உலகெங்கும் ஒவ்வாமைப் பரிசோதனைப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் புற்களில் அதுவும் ஒன்று. விநாயகர் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாலையாகக் கட்டிய அறுகால் ஆபத்தில்லை, வெட்டாமல் விட்ட மைதானத்தில் கதிர்விட்டு நிற்பதுதான் ஆபத்து.

அண்ணாமலையைப் பார்த்தால் இது புரியும். 2,668 அடி உயர மலையின் சரிவுகளில் பெரும்பகுதி இன்னும் புல்தான். எலுமிச்சை மணம் வீசும், ஆள் இடுப்பளவு வளரும் புல். மழைக்குத் தழைத்து, மழைக்குப் பின் பூத்து, மாசியில் காய்ந்து, பங்குனி சித்திரையில் தீக்கு இரையாவது அதன் ஆண்டுச் சுற்று. தீ வைப்பவர்களைப் பற்றி ஊரில் நிறையப் பேசியாகிவிட்டது. 1980களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகள் மலையில் மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, பெரும்பாடு பட்டு வருகின்றன. மலையைக் காப்பதற்காகச் செய்கிற அந்த வேலையில் மூக்குக்கும் ஒரு லாபம் உண்டு: மர நிழல் விழுந்த இடத்தில் இந்தப் புல் குறைகிறது, பூக்கும் பரப்பும் எரியும் பரப்பும் சேர்ந்தே சுருங்குகின்றன. காடு வளர்ப்புக்கு ஆதரவாக இதை யாரும் இதுவரை பெரிதாகச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லலாம்.

கீழே சமவெளியில் நெல். அதுவும் புல் குடும்பம்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நெற்பூ முற்பகலில் வெயில் ஏறியதும் விரிந்து, மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு மூடிவிடும். சம்பாவுக்கு ஒருமுறை, நவரைக்கு ஒருமுறை, சொர்ணவாரிக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு மூன்று பட்டம் பார்க்கும் இந்த மாவட்டத்தில், வயலை ஒட்டிய வீடுகளில் காலை நேரத் தும்மலுக்குப் பருவம் மாறிக்கொண்டே இருக்கும். புற்களின் மகரந்தங்கள் தங்களுக்குள் பெரிதும் ஒத்தவை. ஒன்றுக்குத் தும்முகிறவர் இன்னும் பலவற்றுக்கும் தும்முவார்.

ஆனால், ஊருக்குள் முதல் குற்றவாளி யார் என்று கேட்டால், நான் கை காட்டுவது பார்த்தீனியத்தைத்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது 1950களின் நடுவில் புனே பக்கம் தாவரவியலாளர்கள் கண்ணில் பட்டது. இறக்குமதியான அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. எப்படி வந்திருந்தாலும், அதன் பிறகு அதற்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி பதினைந்தாயிரம் விதைகளுக்கு மேல் உதிர்க்கும். ஆடு மாடு சீண்டாது. அதிலுள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் பட்டால் தோல் தடித்து அரிக்கும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மல். பெங்களூரில் நடந்து 1991இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நகர மக்களில் 7 சதவீதம் பேருக்குப் பார்த்தீனியத்தால் மூக்கு ஒவ்வாமை இருப்பதாகக் கண்டது. மூக்கு ஒவ்வாமை நோயாளிகளைத் தனியே எடுத்துத் தோல் பரிசோதனை செய்தபோது 34 சதவீதம் பேருக்கு இந்தச் செடியின் மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூர் நமக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவு. செடி அதேதான்.

பெங்களூரைவிட இங்கே அதற்கு வசதி அதிகம் என்பேன். ஆன்மிகச் சுற்றுலா கொழித்த பிறகு செங்கம் சாலை, வேங்கிக்கால், அடி அண்ணாமலை என்று ஊர் எல்லாத் திசையிலும் மனைகளாகப் பிரிந்து கிடக்கிறது. வாங்கியவர் சென்னையிலோ ஐதராபாத்திலோ இருக்கிறார். நான்கு மூலையிலும் கல், நடுவில் பார்த்தீனியம். உழவும் இல்லை, மேய்ச்சலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அந்தச் செடிக்கு இதைவிடச் சொர்க்கம் வேறு கிடைக்காது. நிலத்தின் விலை ஏற ஏற அதில் களை மண்டுவது நம் ஊர்ப் பொருளாதாரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

இதை ஒழிக்க நாடு முயலவில்லை என்று சொல்ல முடியாது. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வண்டினத்தை 1984இல் பெங்களூரில் அவிழ்த்துவிட்டார்கள். மழைக்காலத்தில் இலையை நன்றாகவே தின்கிறது. வறட்சி வந்ததும் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் முன்முயற்சியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். வட இந்தியாவுக்கு அது சரியான காலம். நமக்கு ஆடி, ஆவணி மழையில் ஓர் அலை முளைக்கிறது, ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைவிடப் பெரிய அலை முளைக்கிறது. ஆகஸ்டில் படம் எடுத்துக்கொண்டு போனால் நவம்பர்ச் செடியை யார் பிடுங்குவது? போதாக்குறைக்கு, பள்ளிப் பிள்ளைகளையும் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களையும் கையுறைகூட இல்லாமல் இந்தச் செடியைப் பிடுங்க விடுகிறார்கள். தோல் நோயை நாமே கொடுப்பதற்குச் சமம் அது. பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பயிர் இல்லாத இடமென்றால் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் மறுபடி அதுவே வரும். ஊசித்தகரை போன்ற நம்மூர்ச் செடியின் விதையைத் தூவி இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

வேலிக்காத்தானைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சீமைக் கருவேலம் என்றும் அழைக்கப்படும் அதை வெட்டச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவும், அதையொட்டி எழுந்த விவாதமும் எல்லாருக்கும் தெரியும். நிலத்தடி நீரைப் பற்றித்தான் அவ்வளவு வாதமும் நடந்தது. ராஜஸ்தானிலும் வளைகுடா நாடுகளிலும் அதன் மகரந்தம் முக்கியமான ஒவ்வாமைக் காரணி என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நம் விவாதத்தில் அது ஓரமாகக்கூட வரவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவைப் போல இங்கே மகரந்தப் பருவம் கத்தரித்தாற்போலத் தொடங்கி முடிவதில்லை. ஆண்டு முழுக்க ஏதோ ஒன்று பூத்துக்கொண்டிருக்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி பருவமெல்லாம் பார்ப்பதில்லை. வெப்பநாடுகளில் மூக்கு ஒவ்வாமைக்கு அதன் பங்கு மிகப் பெரிது. ஈர வைக்கோலில் பூக்கும் பூஞ்சை, அரிசி ஆலைச் சாம்பல், போகிப் புகை, குப்பை எரிக்கும் புகை, வருகிற வண்டிகளின் டீசல் எல்லாம் இருக்கின்றன. புகையால் புண்பட்ட மூக்கில் மகரந்தம் இன்னும் வேகமாக வேலை செய்யும். ஆகவே ‘எல்லாம் பார்த்தீனியம்’ என்பதும் ‘எல்லாம் தூசி’ என்பதும் ஒரே மாதிரிச் சோம்பல்தான். யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: எந்த மாதம், எந்த நேரம், எந்த இடத்தில் தும்மல் கூடுகிறது என்று குறித்துவைப்பது. வீட்டுக்குள் படுக்கை உதறும்போது தும்மினால் தூசிப்பூச்சி மேல் சந்தேகம். மாசியில் ஏரிக்கரையில் நடந்து வந்த பின் தும்மினால் சந்தேகம் வேறு. ரத்தத்தில் நூறு பொருள்களுக்கு ஒரே சமயத்தில் சோதனை என்று விற்கும் பொட்டலங்களைவிட இந்தக் குறிப்பு மருத்துவருக்கு அதிகம் உதவும். சோதனையில் பாசிட்டிவ் என்று வருவதெல்லாம் நோய் அல்ல.

மருந்து விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நாம் நமக்கே அதிகம் கேடு செய்துகொள்கிறோம். மருந்துக் கடையில் போய் ‘தும்மலுக்கு ஒண்ணு குடுங்க’ என்றால் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒன்று, தூக்கத்தை வரவழைக்கும் பழைய தலைமுறை மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றொன்று, லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்த்த மாத்திரை. மான்டெலுகாஸ்ட் மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது மட்டுமே தரலாம் என்றது. இங்கே மிட்டாய் மாதிரி போகிறது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து வாங்குகிறவர் இரண்டு நிமிடத்தில் மூச்சு விடுவார். அந்தச் சுகத்துக்காக ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். பிறகு சொட்டு இல்லாமல் தூங்க முடியாது. இதையெல்லாம் விட மோசம், ‘ஒரு ஊசி போட்டா ஆறு மாசத்துக்குத் தும்மலே வராது’ என்கிறவர்கள். அந்த ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோன் அடங்கிப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டீராய்டு ஊசிக்குத் தோளை நீட்டுகிறவர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேவுக்குப் பயப்படுகிறார். ‘பழகிடும்’ என்கிறார். உண்மையில் தொடர்ந்து வரும் மூக்கு ஒவ்வாமைக்கு மருத்துவம் முதலில் கைகாட்டுவது அந்த ஸ்பிரேயைத்தான். மைக்ரோகிராம் கணக்கில் மருந்து, அதுவும் மூக்குக்குள் மட்டும். ஆனால், சொட்டு மருந்து மாதிரி உடனே கேட்காது; தினமும் அடித்தால் சில நாளில் பிடிக்கும். இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். இதைக் காட்டிக்கொடுக்க மருத்துவருக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை. எந்த மாதத்தில் தொல்லை வரும் என்று தெரிந்தவர், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அதற்குச் சற்று முன்பே தொடங்கினால் பாதி அவதி மிச்சம்.

இன்ஹேலருக்கும் அதே பயம்தான். பிள்ளைக்கு ‘வீசிங்’ என்று சொல்வார்கள், ஆஸ்துமா என்று சொல்ல மாட்டார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் மறைப்பார்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுவழி. மூக்கைக் கவனிக்காமல் விட்டால் இளைப்பைக் கட்டுப்படுத்துவது கடினம். இடியும் காற்றுமாக வரும் கோடை மழை நல்லது என்று நினைக்கிறோம். ஆனால், 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், இடிமழைக்கு முன் வீசிய காற்று, ஈரத்தில் வெடித்துத் தூளான புல் மகரந்தத்தை நகரத்தின் மீது கொட்டியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். முழு மகரந்தம் மூக்கிலேயே நின்றுவிடும். வெடித்த துணுக்கு நுரையீரல்வரை போகும். அன்று பாதிக்கப்பட்டவர்களில் அதுவரை ஆஸ்துமாவே தெரியாத, மூக்கு ஒவ்வாமை மட்டும் இருந்தவர்களும் ஏராளம்.

நாட்டு வைத்தியத்தை நான் தள்ளிவிடவில்லை. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் ஒரு மணி நேரம் சுகம். கொதிநீரைக் குழந்தைகள் பக்கம் வைக்காமல் இருந்தால் சரி. யோகா வகுப்புகள் மலிந்த இந்த ஊரில் ஜலநேத்திக் குவளைக்குப் பஞ்சமில்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது மகரந்தத்தை நேரடியாக வெளியேற்றும், மருத்துவமும் இதை ஏற்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். 2024இல் கேரளத்தைக் கலக்கிய மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகவே நுழைகிறது. உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் மகரந்த ஒவ்வாமை போகும் என்று சொல்லி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தேனீ போவது பூச்சியை அழைக்கும் பூவுக்கு. நம்மைத் தும்ம வைப்பது பெரும்பாலும் தேனீ எட்டிப் பார்க்காத புல்லின் தூள்.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போய்வந்தவர் ஒவ்வாமைக்காரராக இருந்தால், வந்ததும் சட்டையை மாற்றி, தலையையும் முகத்தையும் கழுவிவிட்டுப் படுக்க வேண்டும். தலைமுடியில் வந்த மகரந்தம் தலையணைக்கு மாறி இரவு முழுக்கக் கூடவே இருக்கும். புல் பூக்கும் மாதங்களில் துணியை மாடியில் காயப்போடாமல் உள்ளே போடலாம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத சித்திரையில் மெத்தையை நாள் முழுக்கக் காயப்போடலாம்.

தனி மனிதர் செய்வது இவ்வளவுதான். ஊர் செய்ய வேண்டியது, முதலில் எண்ணுவது. எந்த நட்சத்திரம் எத்தனை நாழிகை என்று பஞ்சாங்கம் பார்த்து நடக்கும் ஊரில், எந்தச் செடி எந்த வாரம் பூக்கிறது என்பதற்கு ஒரு பஞ்சாங்கம் இருப்பதில் என்ன கஷ்டம்? சண்டிகரில் அங்குள்ள முதுநிலை மருத்துவ நிறுவனத்தாரும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து காற்றிலுள்ள மகரந்தத்தை எண்ணி, 2022இல் தங்கள் நகரத்துக்கு மகரந்த நாட்காட்டி வெளியிட்டார்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் காற்றை உறிஞ்சி, பசை நாடாவில் ஒட்டவைக்கும் கருவி அதற்கு வேண்டும். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், தன்னுடைய தும்மலுக்குக் காரணம் புல் மகரந்தம்தான் என்று நிரூபிக்கப் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டவர்; 1873இல் புத்தகமாகவும் போட்டார். வாசலின் தடவிய ஸ்லைடை மொட்டை மாடியில் ஒரு நாள் வைத்துவிட்டு நுண்ணோக்கியில் எண்ணுவதை எந்தக் கல்லூரி மாணவரும் செய்யலாம். கன மீட்டருக்கு இத்தனை என்ற துல்லியம் அதில் வராது. எது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது வரும். ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இருக்கிறது; அரசு கலைக் கல்லூரி அதைவிடப் பழையது. ஒன்றில் நோயாளிகள், மற்றொன்றில் மாணவர்கள். இரண்டு ஆண்டு எண்ணினால் ஊருக்கு ஒரு நாட்காட்டி கிடைத்துவிடும்.

அடுத்தது, நடுவது. அழகுக்காகச் சாலை நடுவில் வரிசையாக வைத்த கோனோகார்பஸை 2023இல் குஜராத்தும், 2025இல் தமிழகமும் தடை செய்தன. அதன் மகரந்தம் மூச்சுக் கோளாறு தரும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூச்சையும் பார்க்க வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. மாநகராட்சியான பிறகு திருவண்ணாமலையில் பூங்காவும் சாலையோர மரமும் பெருகப்போகின்றன. அண்ணாமலையார் கோயிலின் தல மரம் மகிழம். நிழல் தரும், மணக்கும், பூச்சியை அழைக்கும் மரம். புங்கமும் சரக்கொன்றையும் அதே வகை. நர்சரிக்காரர் எது மலிவாகத் தருகிறாரோ அதை நடுவதற்குப் பதில் இந்தப் பட்டியலை வைத்து ஒப்பந்தம் போடலாம்.

மூன்றாவது அந்தக் காலி மனைகள். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், உடல்நலத்துக்குக் கேடான நிலையில் இருக்கும் இடத்தைத் தொல்லையாகவே கருதுகிறது; உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், அவர் செய்யாவிட்டால் நிர்வாகமே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். டெங்குக் கொசுவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கித் தொட்டியைத் திறந்து பார்க்கும் களப் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மனைக்குள் கிடக்கும் டயரைக் குறித்துக்கொள்ளும் அதே தாளில், பார்த்தீனியம் முளைத்திருக்கிறதா என்று ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். ஆவணியில் ஒரு சுற்று, ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது வாரத்தில் இன்னொரு சுற்று, இரண்டுமே செடி பூப்பதற்கு முன்.